பணவீக்கமும் நாம் காக்க வேண்டிய முதற்பொருளும்
(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆதிபகவன் விருஷபதேவர் நெடுநாள் உண்ணாநோன்புக்குப் பின், அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்றருளிய நாள் இது. கொடையின் பயன் குறையாது என்னும் கருத்தில் இந்நாளை அட்சய திருதியை என்று போற்றுகிறோம். அட்சயம் என்றால் குறையாதது. ஆனால் இன்று நிர்வாகக் குழுவினர் எனக்கு இட்ட தலைப்போ குறைவைப் பற்றியது. நம் கையில் உள்ள ரூபாய் ஆண்டுதோறும் மதிப்பில் குறைகிறது. அதனையே பணவீக்கம் என்கிறோம்.

முப்பதாண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியில் இருந்தவன் நான். பொருளாதார நூல்களிற் கற்றதைக் காட்டிலும், வைப்புத்தொகைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர்களிடம் கற்றது மிகுதி. அவர்களுள் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பணம் அப்படியேதான் இருக்கிறது, செலவும் கூடவில்லை, ஆனால் போதவில்லையே, ஏன்?" அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையைச் சொல்லவே இங்கு வந்துள்ளேன்.

கட்டளைக் கணக்கு சொல்லும் பாடம்

நமக்கு மிகவும் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்களின் ஜினாலயங்கள் பலவற்றில், விளக்கெரிக்கவும் ஆண்டுக்கு ஒரு நாள் பூசை நடத்தவும் அன்னதானம் செய்யவும் கட்டளைத் தொகைகள் வங்கியில் வைக்கப்பட்டுள்ளன. கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1995ஆம் ஆண்டில் ஒருவர் தம் தந்தையார் நினைவாக 10,000 ரூபாயை நிலைவைப்பாக வைத்தார் என்க. அக்காலத்தில் வங்கிகள் 11, 12 விழுக்காடு வட்டி தந்தன. ஆண்டுக்கு 1,200 ரூபாய் வந்தது. அத்தொகையில் ஒரு நாள் பூசையும் ஊராருக்கு விருந்தும் நடந்திருக்கும். இன்று அதே 10,000 ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் 700 ரூபாய் வருகிறது. விலைவாசியோ 1995ஐ நோக்க ஏறத்தாழ ஆறு மடங்காகியுள்ளது. அன்று 1,200 ரூபாயில் நடந்த அறத்தை இன்று நடத்த 7,200 ரூபாய் வேண்டும். வருவதோ 700. அஃதாவது, பத்தில் ஒரு பங்கும் இல்லை.

இங்கே ஒருவரும் பணத்தைக் களவாடவில்லை. பொருளாளர் நேர்மையாளர், வங்கி ஒரு காசும் குறைக்கவில்லை, ஏட்டில் 10,000 என்ற எண் அப்படியே உள்ளது. ஆயினும் கட்டளை தேய்ந்துவிட்டது. ஏன்?

1990களின் இடைப்பகுதியில் பணவீக்கமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்தது. ஆதலின், வந்த 12 விழுக்காடு வட்டியில் 10 விழுக்காடு, முதற்பொருள் தேய்ந்ததற்கு வந்த ஈடேயன்றி வருவாய் அன்று. மெய்யான வருவாய் 2 விழுக்காடே. நாம் 12 விழுக்காட்டையும் செலவிட்டோம். வட்டியைச் செலவிடுவதாக எண்ணிக்கொண்டு, நம்மையறியாமலே முதற்பொருளைச் செலவிட்டு வந்தோம். இன்று நான் சொல்ல விரும்புவது இஃதொன்றே. பணவீக்கக் காலத்தில் எது முதற்பொருள், எது வருவாய் என்னும் வேறுபாடு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. குடும்பத் தலைவரும், கடைக்காரரும், ஓய்வூதியரும், அறக்கட்டளையும் இழப்பது இந்த மறைவினால்தான்.

முன்னோர் கண்ட வழி

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். போளூருக்கு அண்மையில் உள்ள திருமலையில், குந்தவை ஜினாலயத்திற்கு முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை என்பார், நந்தாவிளக்கு ஒன்றிற்கு இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் அளித்த செய்தி கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஓர் அம்மையார் வைத்த விளக்குக் கட்டளையை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் படித்தறிகிறோம்.

காசாகக் கொடுத்தது ஒரு முறை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு முறையும் உண்டு. ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஆடுகள் மூப்பதும் இறப்பதும் இயல்பே. ஆனால் பிறக்கும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை முதலில் நிறைவு செய்யப்படும். ஆகவே, கட்டளையைப் பொறுத்தவரை அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை.

இதன் நுட்பத்தைக் கருதிப் பாருங்கள். முதலாவதாக, கொடுக்க வேண்டியது இத்தனை காசு என்று சொல்லப்படவில்லை. ஓர் உழக்கு நெய் என்று முகத்தல் அளவையிற் சொல்லப்பட்டது. நெய்யின் விலை ஏறினும் இறங்கினும் விளக்கு எரியும். இரண்டாவதாக, மந்தையை நிறைவு செய்த பின்னரே பயன் கொள்ளப்பட்டது. நாம் வங்கியில் வைத்திருப்பது மூக்கும் ஆடு, சாகும் ஆடு. குட்டிகளையும் சேர்த்துச் செலவிட்டுவிட்டு, மந்தை ஏன் சிறுத்தது என்று வியக்கிறோம்.

பணவீக்கம் எவ்வாறு அளக்கப்படுகிறது?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் மாதந்தோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களையும் பணிகளையும் ஒரு கூடையாகக் கொண்டு, அக்கூடையின் விலை எவ்வளவு மாறியது என்று கணிப்பதே அதன் முறை. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண் வரிசையில், 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை 2025ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஏறத்தாழ 197 ரூபாயாயிற்று. பதின்மூன்று ஆண்டுகளில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாயிற்று என்பது இதன் பொருள்.

அந்த வரிசையின் கூடையில் உணவும் பானங்களும் 45.86 விழுக்காடு இடம் பெற்றன. மருத்துவத்திற்கு 5.89, கல்விக்கு 4.46 விழுக்காடு. நம் இல்லக் கூடை இப்படியா இருக்கிறது? பொறியியல் கல்லூரியில் ஒரு மகனும், நாள்தோறும் மருந்துண்ணும் முதியவர் இருவரும் உள்ள வீட்டில் கல்வியும் மருத்துவமும் கூடையின் பெரும்பகுதியைக் கொள்ளும். ஆகவே, செய்தித்தாளில் பணவீக்கம் 4 விழுக்காடு என்று படிக்கும் நாளில் ஒரு வீட்டின் பணவீக்கம் 9 விழுக்காடாக இருத்தல் கூடும். அரசின் எண் பொய்யன்று, அது சராசரி. தன் வீட்டின் எண்ணை அவரவரே கணித்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1999-2000ஆம் ஆண்டு ஆய்வின்படி ஊரகக் குடும்பங்கள் தம் செலவில் 59 விழுக்காட்டையும் நகரக் குடும்பங்கள் 48 விழுக்காட்டையும் உணவுக்குச் செலவிட்டன. 2022-23 ஆய்வில் இவை முறையே 46, 39 விழுக்காடாகக் குறைந்தன. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததன் அடையாளம் இது. எனினும், ஏழைக் குடும்பத்தில் உணவின் பங்கு இன்றும் மிகுதி. அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏறும்போது செல்வர் முகம் சுளிப்பர். வறியவரோ உண்ணும் அளவைக் குறைப்பர். ஒரே விலையேற்றம் எல்லார் மீதும் ஒரே சுமையாக விழுவதில்லை.

விலைகள் ஏன் ஏறுகின்றன?

காரணங்கள் பல. வரத்து குறைந்தால் விலை ஏறும். 2023 சூலையில் மழையினாலும் பயிர்ச் சேதத்தினாலும் தக்காளி வரத்துக் குறைய, கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அம்மாதத்தில் நாட்டின் பணவீக்கம் 7.44 விழுக்காட்டைத் தொட்டது. மழை நின்று புதிய மகசூல் வந்ததும் விலை இறங்கிற்று. இத்தகைய ஏற்றம் காய்ச்சல் போன்றது. சில வாரங்களில் தணியும்.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளும் நம் அடுப்படிக்கு வந்துவிடுகின்றன. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கு மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் இறக்குமதி செய்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23 அன்று மீண்டும் அனுமதித்தது. அவ்விரு நாடுகளையும் வரைபடத்தில் மட்டுமே கண்ட தாய்மார்கள், மளிகைக் கடையில் அவற்றின் விளைவைக் கண்டனர். ஓர் எண்ணெய் ஏறினால், அதற்கு மாற்றாக மக்கள் நாடும் மற்ற எண்ணெய்களும் ஏறும். விளக்கெண்ணெய் வாங்கும் ஆலயக் கணக்கும் இதற்கு விலக்கன்று.

டாலருக்கு நிகரான ரூபாயின் மதிப்புக் குறைவும் இறக்குமதிப் பொருள்களின் விலையை உயர்த்தும். 2022இன் தொடக்கத்தில் டாலர் ஒன்றுக்கு 75 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. பெட்ரோலும் உரமும் மின்னணுக் கருவிகளும் இவ்வழியே நம் செலவைக் கூட்டுகின்றன.

இங்குள்ள மூத்தோர் சிலருக்கு 1974ஆம் ஆண்டு நினைவிருக்கும். 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1974-75 நிதியாண்டில் மொத்த விலைகள் நூற்றுக்கு 25 அளவில் உயர்ந்தன. அதனைத் தாங்கிய தலைமுறையினர் செலவுக் கணக்கு எழுதும் பழக்கத்தை விடாது போற்றியதன் காரணம் நமக்கு இப்போது விளங்குகிறது.

ரிசர்வ் வங்கியும் மாதத் தவணையும்

2016ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆறு உறுப்பினர் கொண்ட பணக்கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் வைத்தல் வேண்டும். இரண்டு விழுக்காடு மேலோ கீழோ செல்லலாம் என்பது அதற்கு இடப்பட்ட பணி. 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காடாயிற்று. அடுத்த மாதம் தொடங்கி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி 4 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காட்டை எட்டியது. கடன் விலையேறினால் வீடு, வண்டி வாங்குவோர் தயங்குவர், தேவை குறையும், விலையேற்றம் தணியும் என்பது இதன் அடிப்படை.

இதனால் வீடுகளில் நேர்ந்தது என்ன? 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளில் அடைக்கும் ஒருவருக்கு, 7 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். வட்டி 9.5 விழுக்காடானால் தவணை ஏறத்தாழ 27,960 ரூபாய். மாதம் 4,700 ரூபாய் மிகுதி. வங்கிகள் பெரும்பாலும் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவதால், பலர் இந்தச் சுமையை உணர்வதே இல்லை. பணிஓய்வுக்கு முன் முடியவேண்டிய கடன் ஓய்வுக்குப் பின்னும் தொடர்வதைப் பிறகு காண்கின்றனர். 2025இல் ரெப்போ வட்டி பலமுறை குறைக்கப்பட்டு, டிசம்பரில் 5.25 விழுக்காடாயிற்று. வட்டி குறையும் காலத்தில் தவணையைக் குறைக்கச் சொல்லாது, பழைய தவணையையே கட்டி வருவோர் கடனை விரைவில் முடிப்பர்.

இங்கே ஒரு பொதுப்பிழையைத் திருத்த வேண்டும். பணவீக்கம் குறைந்தது என்றால் விலைகள் குறைந்தன என்று பொருளில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே பொருள். மலையேறுபவன் வேகத்தைக் குறைத்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறான்.

உழவரும் சந்தையும்

2025 அக்டோபரில் நாட்டின் பணவீக்கம் 0.25 விழுக்காடு என்னும் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. உணவுப் பொருள்களின் விலைகளோ முந்தைய ஆண்டைக் காட்டிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்திருந்தன. நகரத்தில் வாழும் நம் பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால் வந்தவாசியிலும் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் நிலம் வைத்துப் பயிரிடும் நம் உறவினர்க்கு அச்செய்தி மகிழ்ச்சி தருமா? நகரத்தார் கொடுக்கும் விலையே ஊரார் பெறும் வருவாய். ஒரே குடும்பத்தில் அண்ணன் உழவர், தம்பி நகரத்து ஊழியர் என்றிருந்தால், ஒருவரின் நன்மை மற்றவரின் இழப்பாதலும் உண்டு.

சாதாரண ரக நெல்லுக்கு மைய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2013-14இல் குவிண்டாலுக்கு 1,310 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். இது நூற்றுக்கு 81 உயர்வு. அதே காலத்தில் பொது விலைவாசியும் நூற்றுக்கு ஏறத்தாழ 75 உயர்ந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் நெல் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. அதற்குச் சற்றே மேலும் சென்றது. அவ்வளவே. கூலியும் டீசலும் பொது விலைவாசியைவிட விரைந்து ஏறிய நிலத்தில் அந்தச் சிறு மிச்சமும் நில்லாது.

மணிலாப் பயிரிடுவோர் நிலை இன்னும் நுட்பமானது. 2024 செப்டம்பரில் அரசு கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீது 20 விழுக்காடு அடிப்படை இறக்குமதி வரி விதித்தது. எண்ணெய்வித்துப் பயிரிடுவோர்க்கு அது துணை, இல்லத்தரசியர்க்குச் சுமை. 2025 மே இறுதியில் அவ்வரி 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சுமையும் துணையும் இடம் மாறின. விலை என்பது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. விலைவாசியைப் பற்றிப் பேசும்போது வாங்குவோரை மட்டும் எண்ணுதல் அறமாகாது.

வணிகர் காணும் பொய்யிலாபம்

நம்மிடையே வணிகர் பலர் உள்ளனர். ஒரு பொருளை 100 ரூபாய்க்கு வாங்கி 120 ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாய் இலாபம் என்கிறோம். ஆனால் விற்ற சரக்கை மீண்டும் அலமாரியில் நிரப்பச் செல்லும்போது கொள்முதல் விலை 115 ரூபாய் ஆகியிருந்தால், 15 ரூபாய் பழைய சரக்கு இருந்த இடத்தை நிரப்பவே செலவாகிவிடும். மெய்யான இலாபம் 5 ரூபாய். 20 ரூபாயையும் இலாபம் என்று வீட்டுச் செலவுக்கு எடுத்தவர், சில ஆண்டுகளில் கடையில் சரக்குக் குறைவதைக் காண்பார். கட்டளைக் கணக்கில் கண்ட அதே பிழைதான் இது. இங்கும் மந்தையை நிறைவு செய்யாமற் பயன் கொள்ளப்படுகிறது.

திருப்பூரின் பட்டறிவு இதற்குத் தக்க சான்று. 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 2021இன் தொடக்கத்தில் 50,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. பனியன் ஆடைகளுக்கு மாதங்கள் முன்னரே விலை பேசி ஒப்பந்தம் செய்திருந்த சிறு நிறுவனங்கள், ஏறிய நூல் விலையைத் தாமே தாங்க நேர்ந்தது. இன்னும் ஏறும் என்றெண்ணி உச்ச விலையில் பஞ்சை வாங்கிக் குவித்தோர், அவ்வாண்டின் பிற்பகுதியில் விலை இறங்கியபோது வேறுவகையில் இழந்தனர். ஏறுவிலைக் காலத்தில் நீண்ட ஒப்பந்தமும் பெருத்த இருப்பும் இரண்டுமே இடர்தான். மூலப்பொருள் விலையோடு விற்பனை விலையும் மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது, கடனுக்கு விற்பதைக் குறைப்பது, சரக்கைச் சிறிதாக வாங்கி விரைவாகச் சுழற்றுவது ஆகியவை சிறுவணிகரைக் காக்கும்.

சேமிப்பும் தங்கமும்

அரசு ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் அகவிலைப்படி உண்டு. பழைய ஓய்வூதியம் பெறுவோர்க்கும் அது உண்டு. விலைவாசி உயர்வின் ஒரு பகுதியையேனும் அது ஈடு செய்கிறது. தனியார் நிறுவனங்களில் உழைத்தவர் நிலை வேறு. வருங்கால வைப்புநிதியைச் சார்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. 2025 வரையிலும் அத்தொகை அப்படியே இருந்தது. அன்றைய 1,000 ரூபாய்க்கு அப்போதைய மதிப்பு இன்று ஏறத்தாழ 600 ரூபாயே. எண்ணை மட்டும் நம்பி முதுமையை எதிர்கொள்வது எத்துணைக் கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிலைவைப்பு பாதுகாப்பானது என்பது உண்மை. எண் குறையாது என்ற அளவில் அது பாதுகாப்பானது. 2022இன் தொடக்கத்தில் பொதுத்துறை வங்கிகள் ஓராண்டு வைப்புக்கு 5 விழுக்காட்டை ஒட்டிய வட்டி தந்தன. 2022-23இல் சராசரிப் பணவீக்கம் 6.7 விழுக்காடு. வட்டி முழுவதையும் மீண்டும் முதலிற் சேர்த்தவருக்கும் அவ்வாண்டில் இழப்பே. வட்டியைச் செலவிட்டவரின் இழப்பு இன்னும் மிகுதி.

ஆகவே தங்கம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அதுவும் அட்சய திருதியை அன்று! 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 57,200 ரூபாய். அவ்வாண்டு டிசம்பரில் ஒரு லட்சத்தைக் கடந்தது. இதனைக் கண்டு வியப்போர், தங்கத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1980 சனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு 850 டாலரைத் தொட்ட தங்கம், அவ்வுச்சத்தை மீண்டும் கடக்க 2008 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. நீண்ட காலத்தில் தங்கம் மதிப்பைக் காக்கும். குறுகிய காலத்தில் ஏமாற்றவும் கூடும். அதிலும் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் முதல் நாளிலேயே கழிந்துவிடும். மகளின் திருமணத்திற்காகச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது அறிவுடைமை. விலை ஏறுகிறதே என்று கடன் வாங்கிச் சேர்ப்பது இரட்டை இடர். இந்நாள் நமக்குக் கொடைக்குரிய நாளேயன்றிக் கொள்முதலுக்குரிய நாள் அன்று என்பதையும் இளையோர் நினைவிற் கொள்க.

இல்லறத்தார் ஏற்கும் பரிக்கிரகப் பரிமாண விரதத்தில் நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம் என்று பொருள் வகைகளைக் கூறி வரம்பு வகுத்தனர் நம் பெரியோர். பொருளின் அளவில் வகுத்த வரம்பு காலத்தால் மாறுவதில்லை. ரூபாயில் வகுத்துக்கொண்டால், இளமையில் தாராளமாயிருந்த வரம்பு முதுமையில் நெருக்கடியாகும். தேவையை ரூபாயால் அளவாமற் பொருளால் அளக்கும் பழக்கம் நம் மரபில் முன்பே உண்டு என்பதற்காக இதனைச் சொன்னேன்.

செய்யத்தக்கன

இல்லங்களுக்கு நான்கு சொல்வேன். முதலாவது, மாதக் கணக்கு எழுதுங்கள். சென்ற ஆண்டு இதே மாதச் செலவோடு ஒப்பிட்டால் உங்கள் வீட்டின் பணவீக்கம் தெரியும். இரண்டாவது, ஆறு மாதச் செலவுக்குரிய தொகையைக் கைக்கெட்டும் வைப்பில் வையுங்கள். குடும்பத்தார் அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு செய்யுங்கள். அவசர மருத்துவச் செலவே பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. மூன்றாவது, நீண்ட காலத் தேவைக்குரிய சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காது, வைப்பு, பொது வருங்கால வைப்புநிதி, பரஸ்பர நிதி, சிறிது தங்கம் எனப் பகிர்ந்து வையுங்கள். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் தனிநபர் திட்டங்களை அணுகாதீர்கள். பணவீக்கத்திற்கு அஞ்சி ஓடுவோரே அவ்வலையில் மிகுதியாக விழுகின்றனர். நான்காவது, ஓய்வுபெற்றோர் வட்டி முழுவதையும் செலவிடாது, ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலிற் சேர்த்து வாருங்கள்.

இறுதியாக அறக்கட்டளைக்கு வருகிறேன். இன்று 7 விழுக்காடு வட்டியும் 5 விழுக்காடு விலையேற்றமும் உள்ளதாகக் கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய்க் கட்டளைக்கு 7,000 ரூபாய் வட்டி வரும். முதற்பொருள் தேயாதிருக்க, அதில் 5,000 ரூபாயை மீண்டும் முதலிற் சேர்க்க வேண்டும். செலவிடத்தக்கது 2,000 ரூபாயே. அஃதாவது, ஆண்டுக்கு 7,000 ரூபாய் மதிப்புள்ள அறம் என்றும் நடக்க வேண்டுமானால், வைக்க வேண்டிய தொகை ஒரு லட்சமன்று, மூன்றரை லட்சம். இக்கணக்கை மறைத்துக் கட்டளை ஏற்பது, அளிப்பவரை நாமே ஏமாற்றுவதாகும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. பொது அறக்கட்டளைகள் வருமான வரி விலக்குப் பெற, வருவாயில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். தடையின்றி ஒதுக்கத்தக்கது 15 விழுக்காடே. 7,000 ரூபாயில் அது 1,050 ரூபாய்தான். வட்டியைக் கொண்டு மட்டும் முதற்பொருளைக் காக்க இயலாது என்பது இதனால் தெளிவாகும். ஆகவே, தணிக்கையாளரைக் கலந்துகொண்டு நிர்வாகக் குழு ஆராயத்தக்க சில வழிகளைக் கூறி அமைகிறேன்.

பழைய கட்டளைகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தொடங்கிய நாளில் என்ன செய்தது, இன்று என்ன செய்கிறது என்று எழுதி, அளித்தவர் குடும்பத்தார்க்கு அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் பலர் நல்ல நிலையில் உள்ளனர். பாட்டனார் வைத்த விளக்குக்கு எண்ணெய் போதவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது; தெரிந்தால் முதற்பொருளை நிறைவு செய்வர். அதுவே இக்காலத்துக் குட்டி ஆடு. புதிய கட்டளைகளை ரூபாயோடு நிறுத்தாது, நாளுக்கு இவ்வளவு எண்ணெய், ஆண்டுக்கு இத்தனை பேருக்கு உணவு என்று அளவிலும் எழுதுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதியையும் சேருங்கள். ஒரு பகுதியை, சட்டம் இடந்தரும் வகையில், வாடகை வரும் கட்டடமாக வைக்க இயலுமா என்று பாருங்கள். விலைவாசியோடு வாடகையும் உயரும். கல்வி உதவித்தொகையின் அளவை ஆண்டுதோறும் கல்விக் கட்டணத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பத்தாண்டுகளுக்கு முன் முழுக் கட்டணமாக இருந்த தொகை இன்று பேருந்துக் கட்டணமாக நின்றுவிடலாகாது.

சாமுண்டப்பை அம்மையார் இருபது காசு கொடுத்தபோது நினைத்தது இருபது என்னும் எண்ணையன்று. அணையாத ஒரு விளக்கையே. நமக்கு ஒப்படைக்கப்பட்டதும் விளக்கே. ஏட்டில் எண் சரியாக உள்ளது என்று நாம் அமைதி கொள்ளலாகாது. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் முன்னோர் வைத்த கட்டளை எந்த ஜினாலயத்தில் உள்ளது, அது இன்று என்ன செய்கிறது என்று கேட்டறியுங்கள். இவ்வுரைக்கு அதுவே போதிய பயன்.